டாலர் போட்ட காலம்

2001-இல் வலைப்பதிவு நடத்தும் மென்பொருளான மூவபிள் டைப் வந்தது. பதிவின் தலைப்பு வரவேண்டிய இடத்தில் கோணக்குறி, டாலர், 'எம்டி என்ட்ரி டைட்டில்', மறுபடி டாலர், கோணக்குறி என்று எழுதுவோம். டாலர் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்தான். ஆனாலும் பயபக்தியோடு போடுவோம். டெம்ப்ளேட்டில் ஒரு எழுத்தை மாற்றினால் போதும், பெர்ல் உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதும். 'ரீபில்ட்' என்று பெயர். பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். திரும்பி வந்தாலும் முடிந்திருக்காது.

2004-இல் மூவபிள் டைப் 3 புதிய லைசென்ஸ் விதிகளோடு வர, கூட்டத்தில் பாதி வேர்ட்பிரஸுக்குத் தாவியது. நானும்தான். இங்கே எல்லாம் பிஎச்பி. 'தி டைட்டில்' என்று ஃபங்ஷனைக் கூப்பிட்டால் தலைப்பு வந்து நிற்கும். ரீபில்ட் கிடையாது. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் பக்கம் மொத்தமும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

பிறகு பெயர் மாற்றும் படலம். 2007-இல், 2.1 பதிப்பில், 'டபிள்யூபி லிஸ்ட் கேட்ஸ்' போய் 'டபிள்யூபி லிஸ்ட் கேட்டகரீஸ்' வந்தது. 2009-இல் 'தி ஆத்தர் இமெயில்' போய், 'தி ஆத்தர் மெட்டா' என்று கூப்பிட்டு அடைப்புக்குறிக்குள் 'இமெயில்' என்று சொல்ல வேண்டியதாயிற்று. முன்னேற்றம் என்றார்கள். எழுத்து கூடியது என்னவோ உண்மை.

2022 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 5.9 வந்தது, கூடவே பிளாக் தீம். "சார், இனிமே டெம்ப்ளேட்ல பிஎச்பியே வேண்டாம். வெறும் எச்டிஎம்எல்தான்!" என்று எங்கள் ஆபீஸ் பையன் கண்கள் விரியச் சொன்னான். திறந்து காட்டினான். கோணக்குறி, ஆச்சரியக்குறி, இரண்டு கோடு, 'டபிள்யூபி', முக்காற்புள்ளி, 'போஸ்ட் டைட்டில்'. எச்டிஎம்எல் கமெண்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் டேக்! மூவபிள் டைப் 4 'எம்டி'க்குப் பின் முக்காற்புள்ளி வைத்தது 2007-இல். அவனிடம் சொல்லவில்லை, சந்தோஷமாக இருந்தான். கமெண்ட்டுக்குள் தரும் ஜேசானில் ஒரு காற்புள்ளி அதிகமானால் வெள்ளைப் பக்கமெல்லாம் வராது. நாம் சொன்ன செட்டிங் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். எனக்கு வெள்ளைப் பக்கமே மேல். அதுவாவது முகத்துக்கு நேரே திட்டும்.

பழைய ஃபங்ஷன்களைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 'டெப்ரிகேட்டட்' என்றொரு ஃபைலில், ரிட்டயர் ஆன பிறகும் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடும் பெரியவர்களைப் போல அவை இருக்கின்றன. 'டபிள்யூபி லிஸ்ட் கேட்ஸ்' என்று இன்று எழுதினாலும் பட்டியல் வரும். டீபக்கை ஆன் செய்திருந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை வரும்.