கராஜ் அண்ணை

விருந்துக்கு ஒரு வீட்டுக்குப் போனால் நாங்கள் எல்லாரும் முதலில் சப்பாத்தைக் கழற்றுவோம். கராஜ் அண்ணை முதலில் சுவரைத் தட்டுவார். நடுவிரலை மடக்கி டொக் டொக் என்று தட்டி, காதைச் சரித்துக் கேட்டு, "இது சும்மா ட்ரைவால். உள்ளுக்கை ஒண்டுமில்லை" என்று வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே தீர்ப்புச் சொல்வார். கேக் வெட்டுகிற நேரம் ஆளைத் தேடினால் கூட்டத்தில் இருக்க மாட்டார். கராஜுக்குள் நின்று அண்ணாந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஸ்காபரோவில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. ஆளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வீட்டுக் கடனில் முக்கால்வாசி கட்டியாகியிருக்கும். பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கொரு அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். இந்த மூன்றும் ஒரே வருடத்தில் வந்து பொருந்தினால் மனுசனின் கண்ணில் கராஜ் படும்.

"இருநூறு சதுர அடி சும்மா கிடக்குது, மச்சான்!"

எங்கள் தெருக் கராஜ் அண்ணை என்னிடம் இதைச் சொன்ன அன்று அங்கே சும்மா கிடந்தவை: ஒரு சியன்னா வான், இரண்டு வாகனங்களுக்குமான எட்டு விண்டர் டயர், ஸ்னோ தள்ளுகிற மெஷின், உப்பு மூட்டை, அரிசி மூட்டை மூன்று, ஊரிலிருந்து கப்பலில் வந்த அம்மி, பாதி ஆட்டை வயிற்றில் வைத்திருந்த ஒரு ப்ரீசர், அண்ணையின் மனைவியான அக்கா மீன் பொரிக்கிற காஸ் அடுப்பு. மீனைக் கராஜுக்குள், கதவைத் தூக்கிவிட்டுத்தான் பொரிக்க வேண்டும் என்பது இங்கே எழுதாச் சட்டம். வீட்டுக்குள் பொரித்தால் மணம் விண்டர் ஜக்கெட்டில் ஏறி, மறுநாள் எங்களோடு பஸ்ஸில் வேலைக்கு வரும்.

கராஜ் அண்ணையிடம் சரித்திர ஆதாரமும் உண்டு. "ஹியூலட்டும் பக்கார்டும் 1938இலை பாலோ அல்ட்டோவிலை ஒரு கராஜுக்குள்ளைதான் துவங்கினவை. இண்டைக்கு அதை சிலிக்கன் வலியின்ரை பிறப்பிடம் எண்டு பலகை நட்டு வைச்சிருக்கிறாங்கள்." இதைச் சொல்லிவிட்டுத் தன் கராஜுக்கும் எங்கே பலகை நடலாம் என்று பார்ப்பதுபோல வாசலைப் பார்ப்பார். அக்காவும் அந்தக் கதையைத் தேடி வாசித்திருந்தார். "அந்தக் கராஜ் வீட்டோடை ஒட்டினதில்லை. கலியாணம் கட்டின பக்கார்ட் வீட்டுக்குள்ளை இருந்தவர். ஹியூலட் பின்வளவுக் கொட்டிலுக்குள்ளைதான் படுத்தவராம். நீங்கள் எங்கை படுக்கப் போறியள்?"

திட்டம் ஒரு பலசரக்குக் கடைக் கலண்டரின் பின்பக்கத்தில் உருவானது. அது வெறும் அறையாக இருந்துவிடக் கூடாது, 'மல்டி பேர்ப்பஸ்' ஆக இருக்க வேண்டும். மாடிப்படி ஏற முழங்கால் விடாத அம்மாவுக்குப் படுக்கை. மகளுக்குப் பரதம் பழகத் தரை. வீட்டிலிருந்து வேலை செய்கிற இரண்டு நாட்களுக்கு அவருக்கு மேசை. நவராத்திரிக்குக் கும்பம் வைக்க ஒரு மூலை. ட்ரெட்மில். ஊர்ச் சங்கக் கூட்டம். எல்லாவற்றுக்கும் கீழே, பென்சிலால் சிறிதாக, "ஆக்கள் வந்தால் இருக்க" என்று எழுதியிருந்தார். அதுதான் உண்மையான காரணம் என்று நான் அப்போதே சந்தேகப்பட்டேன். மற்றதெல்லாம் அக்காவுக்குக் காட்டுவதற்கு.

பெர்மிட் எடுக்க வேண்டும் என்றதும் முகம் கறுத்தது. கார் நிற்கிற இடத்தை ஆள் இருக்கிற இடமாக்கினால் நகரசபையிடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் நல்ல செய்தியும் இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு இத்தனை தரிப்பிடம் கட்டாயம் என்ற விதியை 2021 டிசம்பரில் ரொறன்ரோ நகரசபை பெரும்பாலும் எடுத்துவிட்டதாம். அது புதிதாகக் கட்டுகிறவர்களை நினைத்துச் செய்தது. கராஜ் அண்ணை தலைப்போடு வாசிப்பை நிறுத்திவிட்டதால், மேயர் தன் கலண்டர்த் தாளைப் பார்த்துவிட்டுச் செய்தது என்றே எடுத்துக்கொண்டார். வேறு பலகை இல்லாத தெருவில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காரை விட முடியாது என்கிற விதியை அவர் எந்தத் தலைப்பிலும் காணவில்லை.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நான் டேப்பின் முனையைப் பிடிக்கிறவன். கராஜ் அண்ணை எவருக்கும் இப்படி ஒரு ஆள் வேண்டும். பதினொரு மாதம் சனிக்கிழமைகளில் பிடித்தேன். அதில் ஒரு சனிக்கிழமை முழுக்க, கடை எங்களை ஏமாற்றிவிட்டது என்ற ஆத்திரத்திலேயே போனது. இரண்டுக்கு நாலு என்று விற்ற மரத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை. திருப்பிக் கொடுக்கப் போனோம். கவுண்டரில் நின்ற பொடியன் சிரிக்காமல், வட அமெரிக்கா முழுக்க இரண்டுக்கு நாலு என்றால் ஒன்றரைக்கு மூன்றரைதான், அறுத்துச் சீவிக் காய்ந்தபின் அவ்வளவுதான் மிஞ்சும் என்றான். வரும் வழியில் அண்ணை வாய் திறக்கவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "எங்கடை ஊர்ப் பனஞ்சலாகை எண்டால் சொன்ன அளவு இருக்கும்" என்றார்.

மற்றது பொலித்தீன் விவகாரம். சுவருக்குள் பஞ்சை அடைத்தபின் ஒரு பொலித்தீன் தாள் அடிக்க வேண்டும். கனடாவில் அது உட்பக்கம், சூடு இருக்கிற பக்கம் வர வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் சமைக்கிற, குளிக்கிற, மூச்சு விடுகிற ஈரமெல்லாம் பஞ்சுக்குள் போய், குளிர்ந்த பக்கத்தில் சோடாப் போத்தல் வேர்ப்பதுபோல வேர்க்கும். அண்ணை வீடியோ பார்த்து, மிக நேர்த்தியாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் வெளிப்பக்கத்தில் அடித்தார். வீடியோக்காரரும் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அவர் இருந்தது ஃபுளோரிடாவில். அங்கே ஈரம் வெளியே, குளிர் உள்ளே. பெப்ரவரியில் சுவரின் அடிப்பக்கம் ஊறி உப்பியபோது அண்ணை அந்த வீடியோவை எனக்குத் திரும்பப் போட்டுக் காட்டினார். பின்னணியில் தென்னை மரம் நின்றது. "இதை நீயாவது கவனிச்சிருக்கலாம்" என்றார். முனை பிடிக்கிறவனுக்கு இப்படியான பொறுப்புகளும் உண்டு.

எல்லாம் உரித்து, திரும்ப அடித்து, அறை ஒருவாறு அறையானது. தரை மட்டும் கராஜாகவே இருந்தது. உருகுகிற பனி வெளியே ஓடட்டும் என்று கராஜ் தரையை வாசல் பக்கம் சரித்துத்தான் ஊற்றுவார்கள். அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்று வைத்தாலும் இருபது அடிக்கு இரண்டரை அங்குலம். "கண்ணுக்குத் தெரியாது" என்று அதன்மேலேயே தரைவிரிப்பைப் போட்டார். கண்ணுக்குத் தெரியவில்லைதான். தேசிக்காய்க்குத் தெரிந்தது. குடிபூரலன்று ஐயர் அறுத்து வைத்த தேசிக்காய்ப் பாதிகள் அசையாமல் கிடந்தன. அறுக்காத முழுக்காய் ஒன்று தட்டிலிருந்து இறங்கி, சனத்தின் கால்களுக்கிடையே நிதானமாக உருண்டு, பழைய வாசல் இருந்த சுவரில் முட்டி நின்றது. ஐயர் ஒரு கணம் மந்திரத்தை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். ட்ரெட்மில்லில் சும்மா நடந்தாலும் மலை ஏறுகிற மாதிரி இருக்கும். அதை மட்டும் அண்ணை விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார்.

இன்னொன்றும் மிஞ்சியது. காரை எவ்வளவு தூரம் உள்ளே விடலாம் என்று தெரிவதற்காக முகட்டிலிருந்து நூலில் ஒரு டெனிஸ் பந்து தொங்கவிட்டிருந்தார். கண்ணாடியில் பந்து தட்டினால் பிரேக். கார் போய்விட்டது, பந்து போகவில்லை. அதைக் கழற்ற அக்கா விடவில்லை. ஏன் என்று கேட்டால், "கிடக்கட்டும்" என்பார். ஜனவரியில் மைனஸ் இருபதில் வெளியே போய்க் காரின் ஐஸைச் சுரண்டுகிறவர் அக்காதான் என்பதை இங்கே சொல்லவேண்டும். சங்கத் தலைவர் முதல் கூட்டத்தில் எழுந்து பேசியபோது பந்து அவர் நெற்றியில் தட்டியது. அவர் உரையை அந்த இடத்திலேயே முடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு நீண்டவர்களைப் பந்துக்குக் கீழே வந்து நிற்கச் சொல்வது வழக்கமாயிற்று.

எட்டு டயரும் எங்கே போயின என்று கேட்பீர்கள். நாலு பேஸ்மென்டில். மற்ற நாலும் அண்ணையும் அக்காவும் படுக்கிற அறையில், அவருடைய பக்கத்துக் கட்டிலோரம், மேலே துணி விரித்து, அதற்குமேல் அவருடைய மூக்குக் கண்ணாடியும் தண்ணீர்ப் போத்தலும்.

அம்மா அந்தப் புது அறையில் படுத்தது ஒரே ஒரு இரவு. "காருக்குள்ளை படுத்த மாதிரிக் கிடக்கு தம்பி" என்று மறுநாள் காலை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

அம்மாவுக்கும் கராஜுக்கும் பழைய சிநேகம் ஒன்று இருந்ததை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கோடையில் பின்னேரம் கதவைத் தூக்கிவிட்டு, வானை வெளியே எடுத்துவிட்டு, வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருப்பார். வெயில் படாது, மழை படாது, தெரு முழுக்கத் தெரியும். யார் வேலையால் வருகிறார்கள், யாருடைய பெடியன் யாரோடு போகிறான் எல்லாம் அத்துப்படி. போகிறவர் கை காட்டுவார், சிலர் வந்து நின்று கதைப்பார்கள், பின்னால் மீன் பொரியும். ஊரில் விட்டுவந்த விறாந்தை அது. ஸ்காபரோவில் அதற்குக் கராஜ் என்று பெயர் போட்டு வரைபடத்தில் கீறியிருந்தார்கள், அவ்வளவுதான். அண்ணை பென்சிலால் எழுதிய "ஆக்கள் வந்தால் இருக்க" என்பதும் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதை அடைத்துச் சுவர் வைத்து, ஒரு யன்னலும் விட்டார். நின்றால் தெரு தெரியும். இருந்தால் எதிர்வீட்டுக் கூரையும் கொஞ்ச வானமும் தெரியும்.

ஜூன் மாதம் ஒரு பின்னேரம் நான் போனபோது அறையில் மகள் ஆடிக்கொண்டிருந்தாள், அண்ணையின் மேலதிகாரி திரையில் காத்துக்கொண்டிருந்தார், அண்ணை இல்லை. வெளியே ட்ரைவேயில், புதுச் சுவருக்கும் வானின் பின்பக்கத்துக்கும் நடுவிலிருந்த நாலு அடிக்குள் அம்மா கதிரையைப் போட்டு இருந்தார். பக்கத்தில் ஒரு அரிசி மூட்டையில் அண்ணை. இருவரும் வானின் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் அரக்கி விடன்" என்றார் அம்மா.

அண்ணை எழுந்து, திறப்பை எடுத்து, வானை மெதுவாகத் தெருவில் இறக்கி எதிர்ப்பக்கம் ஓரமாக விட்டார். தெரு முழுக்கத் தெரிந்தது. மூன்றாம் வீட்டுக்காரி கை காட்டினாள். அண்ணை திரும்பி வந்து மூட்டையில் இருந்து, போனை எடுத்து, இரண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்தார்.