ஆறு முழத் துணியும் ராயல் அகாடமியும்

1768-ல் லண்டனில் ராயல் அகாடமி பிறந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆசி, ஊரிலுள்ள ஓவிய ஜாம்பவான்கள் பலரும் ஆஜர். நிறுவனர்களில் இரண்டு பெண்கள் வேறு: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். அடேயப்பா, அந்தக் காலத்திலேயேவா! கைதட்டாதீர்கள், இன்னும் குரூப் போட்டோ பார்க்கவில்லை.

போட்டோ என்றால் ஜொஃபனி என்பவர் 1771-72-ல் வரைந்த ஓவியம். விக் வைத்த கனவான்கள், துணியில்லாத ஓர் ஆண் மாடலைக் கூடி நின்று ஆராய்கிறார்கள். அந்த அறையில் பெண்கள் நிற்கலாமா? சிவ சிவா! ஆனால் மெம்பர்களாயிற்றே, விடவும் முடியாது. ஜொஃபனி யோசித்தார். இருவரையும் சுவரில் படமாக மாட்டிவிட்டார். உயிரோடு இருந்தவர்கள் ஸார்! நம்மூராக இருந்தால் மாலை போட்டு ஊதுபத்தியும் கொளுத்தியிருப்போம்.

பெண்ணின் உடம்பை ஆண் வரைந்து 'வீனஸ்' என்று பெயர் வைத்தால் அது கலை. எந்த உடம்பையாவது ஒரு பெண் உற்றுப் பார்த்தால் சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டுவிடும்.

அகாடமிப் பள்ளிக்குள் 1860-ல் முதல் மாணவி நுழைந்ததே ஒரு தில்லாலங்கடி. லாரா ஹெர்ஃபோர்ட் தன் ஓவியத்தில் முழுப்பெயர் போடாமல் இனிஷியலோடு நிறுத்திக்கொண்டார். யாரோ ஆம்பளைப் பையன் என்று அட்மிஷன் கொடுத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் பாவாடை!

மாணவிகளுக்கு மாடலைக் காட்டலாம் என்று மனசு இளகியது 1893-ல். அதற்கும் ஒரு விதி எழுதினார்கள் பாருங்கள், அரசாங்க டெண்டர் தோற்றது. ஆண் மாடல் முதலில் குளியல் டிராயர் போடணும். அதன்மேல் 9 அடி நீளம், 3 அடி அகலத் துணியை இடுப்பில் சுற்றி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ச் செருகணும். அதுவும் நழுவினால்? மேலே ஒரு தோல் பெல்ட். 9 அடி என்றால் ஆறு முழம். உலகத்தை ஆண்ட வெள்ளைக்காரன் கடைசியில் தார்ப்பாய்ச்சிக் கட்டில்தான் வந்து நின்றான்.

நாட்டிங்ஹாம் ஓவியப் பள்ளியில் படித்த லாரா நைட்டுக்கு அந்த ஆறு முழமும் கிடைக்கவில்லை. பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்துத்தான் உடம்பு வரையப் பழகினார். 1913-ல், முப்பத்தைந்து வயதில், போதும்டா சாமி என்று ஒரு செல்ஃப் போர்ட்ரெய்ட் வரைந்தார். சிவப்புச் சட்டை, தலையில் தொப்பி, கையில் பிரஷ். எதிரே நிர்வாணமாகப் போஸ் கொடுப்பவர் தோழி எலா நேப்பர், நகை செய்யும் கலைஞர். வீனஸும் இல்லை, தேவதையும் இல்லை. ஒரு சிநேகிதி சம்மதித்து நிற்கிறாள், இன்னொருத்தி வரைகிறாள், அவ்வளவுதான்.

அகாடமி படத்தைத் திருப்பி அனுப்பியது. 'டெய்லி டெலிகிராஃப்' விமர்சகர் ஆபாசம் என்று முகம் சுளித்தார். சுவரெல்லாம் வீனஸ் தொங்கும் ஊரில்!

1936-ல் அதே அகாடமி லாராவை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. சுவரில் தொங்கிய அந்த இருவருக்குப் பிறகு முதல் பெண். நடுவில் 168 வருஷம்தான், ரொம்ப அவசரப்பட்டுவிட்டார்கள்.

அன்று திரும்பிவந்த படம் இன்று லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் லாராவின் முதுகு, தோழியின் முதுகு, கேன்வாஸுக்குள் வரைந்த தோழியின் முதுகு. அகாடமிக்காரர்கள் நேரில் போனாலும் முதுகுதான்.