ஆச்சியின் சுண்ணாம்பும் ஜேர்மன்காரரின் பவளமும்

கடல்நீரை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, அதைக் கெடாமல் பார்த்துக்கொண்ட முதல் ஆள் யார் என்று லண்டனில் கேட்டால் ஒரு பிரபு வீட்டுச் சீமாட்டியின் பெயரைச் சொல்வார்கள். முல்லைத்தீவில் கேட்டால் கேள்வியே பிழை என்பார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கிழவி வேடத்தில் நந்திக்கடல் கரைக்கு வந்து, மேய்ச்சலுக்கு வந்த பெடியளிடம் விளக்கேற்றச் சொன்னா. எண்ணெய் இல்லை என்று பெடியள் தலையைச் சொறிந்தார்கள். கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கோ என்றா, எரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கரையில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். அந்த நீரின் பீஎச் எவ்வளவு, அமோனியா எவ்வளவு என்று அம்மனிடம் கேட்ட பக்தர் இதுவரை ஒருவருமில்லை. அவவோடு கணக்குவழக்கில் பிழைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை சாட்சி.

அம்மனின் அருள் இல்லாத மற்றவர்கள்தான் கடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்கப் புறப்பட்டு, நூற்றைம்பது வருடமாக மீனைக் கொன்று பாடம் படித்தார்கள்.

லண்டன் சீமாட்டியின் பெயர் அன்னா தின். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பாதிரியார். 1846 இல் டோர்க்கி கடற்கரைக்குக் காற்றுவாங்கப் போன அம்மையார் கல்பவளத்தைக் கண்டு மயங்கி, ஊசிநூலால் அதைக் கடற்பஞ்சோடு தைத்து, சாடிக்குள் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். வந்தபின்தான் சங்கடம். கடல் தூரம், சாடித் தண்ணீரோ மூச்சுமுட்டி நாறத் தொடங்கும். அம்மையார் ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றுவது. தேநீர்க் கடையில் ஆற்றுகிற அதே வித்தைதான். காற்று கலந்தது, பவளம் பிழைத்தது.

ஆற்றியது யார்? வீட்டு வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு இது ஒரு விளையாட்டுப்போல இருந்தது என்று அம்மையார் பிற்பாடு எழுதிவைத்தார். சிறுமி என்ன நினைத்தாள் என்று அவள் எழுதிவைக்கவில்லை. அந்த வீட்டுக் கடல்தொட்டியின் காற்றுப் பம்பிக்கு இரண்டு கையும் ஒரு முதுகும் இருந்தன. பேர் மட்டும் இல்லை. ஆவணத்தில் அன்னா தின்னுக்குத்தான் பேர்.

அடுத்து ஆண்கள் வந்தார்கள். 1850 இல் ரொபேட் வொறிங்டன் என்ற இரசாயனர் செடி, மீன், நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் போட்டு, ஒன்றின் கழிவு மற்றதற்குச் சாப்பாடு என்று நிறுவினார். 1853 இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் மாளிகை திறந்தது. 1854 இல் பிலிப் ஹென்றி கொஸ் என்ற இயற்கை ஆய்வாளர் எழுதிய புத்தகம் சீமையெங்கும் கடல்தொட்டிப் பைத்தியத்தைப் பரப்பியது. பெண்களும் பாதிரிமாரும் பாவாடையையும் அங்கியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை இடுக்குகளைச் சுரண்டினார்கள். கரையோரப் பாறைக்குட்டைகளெல்லாம் மொட்டையாகிவிட்டன என்று கொஸ்சின் மகனே பிற்காலத்தில் வருந்தி எழுதும் அளவுக்குச் சுரண்டல். பத்துப் பதினைந்து வருடத்தில் பைத்தியம் தெளிந்தது, பெட்டிக்குள் உயிர் தங்கவில்லையே!

கொஸ்சின் பெரிய சாதனை, கடலில்லாத இடத்தில் கடல் காய்ச்சியது. அவருடைய சமையற்குறிப்பை இன்றைய அளவில் சொன்னால்: ஏறத்தாழ 100 கிராம் கறியுப்பு, 7 கிராம் எப்சம் உப்பு, 13 கிராம் மக்னீசியம் குளோரைட்டு, இரண்டரை கிராம் பொட்டாசியம் குளோரைட்டு, நாலரை லீற்றருக்குச் சற்றுக் குறைந்த நல்ல தண்ணீர். கொஸ் துரை இதை ஆனையிறவு உப்பளத்தில் நின்று கரைத்திருந்தால் பேச்சு எப்படிப் போயிருக்கும்?

“என்ன துரை கரைக்கிறியள்?”

“கடல்.”

“கடல் அந்தா கிடக்குது.”

“லண்டனில் இல்லையே.”

“அது சரி. உப்போட உந்த மற்றச் சாமானெல்லாம் ஏன்?”

“வெறும் உப்பில் உயிர் வாழாது.”

“துரை, அந்த மற்றச் சாமானை வெளியால எடுக்கத்தானே நாங்கள் வெயிலுக்கை சாகிறம்!”

உப்பளத்தாருக்கு இது கைப்பாடம். கடல்நீர், உப்படர்த்தி அளக்கும் போமே மானியில் மூன்று பாகையளவில் பாத்திக்குள் வரும். சோளகம் வீச வீச வற்றும். முதலில் சுண்ணாம்பு கழன்று அடியில் படியும். பதின்மூன்று பாகையளவில் ஜிப்சம். இருபத்தைந்தைத் தொட்டால்தான் உப்பு விளையும். முப்பதுக்குக் கிட்டப் போகுமுன் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் கசக்கும். கசப்பு முழுக்க மக்னீசியம். ஆக, பொதியில் வருகிற உப்பு என்பது கால்சியத்தை முன்வாசலிலும் மக்னீசியத்தைப் பின்வாசலிலும் துரத்திவிட்டு மிஞ்சிய கடல். கறிக்கு அதுதான் வேண்டும். பவளத்துக்கு ஒரு லீற்றரில் 420 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராம் மக்னீசியமும் வேண்டும். நாங்கள் பாத்தியில் விலக்கியதைத்தான் கொஸ் மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கித் திரும்பச் சேர்த்தார்.

சுண்ணாம்பை மட்டும் அவர் சேர்க்கவில்லை. தண்ணீரிலேயே போதியளவு இருக்கும் என்று விட்டுவிட்டார். கிளிநொச்சிக் கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் வைத்துப் பார்த்திருந்தால், ‘போதியளவு’ எவ்வளவென்று அடியைச் சுரண்டியே அளந்திருக்கலாம். நேற்றுக் கரைத்த தண்ணீரை ஆதிகாலக் கடலென்று மீனை நம்பவைத்த கொஸ், 1857 இல் இன்னொரு புத்தகம் போட்டார். கடவுளும் உலகத்தை எலும்புப் படிவங்களோடேயே, பழசுபோலவே படைத்துவிட்டார் என்பது அதன் வாதம். மீன் நம்பியது. மனிதர் நம்பவில்லை, புத்தகம் விலைப்படாமல் கிடந்தது.

கடலின் கூட்டுப்பொருள் பற்றி முடிவாகப் பேசியது ‘சாலஞ்சர்’ கப்பல். 1872 முதல் 1876 வரை உலகத்தைச் சுற்றித் தண்ணீர் அள்ளியது. அதில் 77 போத்தல்களை வில்லியம் டிட்மார் என்ற இரசாயனர் ஆராய்ந்து, 1884 இல் சொன்னது இதுதான்: உப்பின் மொத்தம் இடத்துக்கிடம் கூடிக் குறையும், உப்புகளுக்குள்ளே உள்ள விகிதம் மாறாது. மூன்றரை வருடம் கப்பலோட்டி, எங்கே அள்ளினாலும் கடல் ஒன்றுதான் என்று கண்டார்கள். சிரிப்பாக இருந்தாலும் தொட்டி வைப்பவருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. கலவை சரியானால் உப்புச் செறிவை மட்டும் அளந்தால் போதும்: லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம்.

நந்திக்கடல் அந்த அளவையெல்லாம் மதிப்பதில்லை. நந்திக்கடல் என்றதும் போர் முடிந்த 2009 மே மாதம் நினைவுக்கு வராத ஆள் வன்னியில் இல்லை; அதைப் பகிடிக் கட்டுரைக்குள் இழுக்க மாட்டேன். அது அதற்கு முன்னும் பின்னும் ஒரு களப்பு, இறாலுக்குப் பேர்போனது. மாரியில் காட்டாறும் குளத்து வெள்ளமும் விழுந்து பாதி நன்னீராகும். கோடையில் வற்றிக் கடலைவிடக் கரிக்கும். வட்டுவாகலில் முகத்துவாரம் திறந்தால் கடல் வந்து கணக்கைச் சரிசெய்யும். களப்பு இறாலும் மீனும் இதற்குப் பழகின. பவளப்பாறை மீன் பழகவில்லை. அது நந்திக்கடல் அளவு ஏற்ற இறக்கத்தை வரவேற்பறையில் கண்டால் அன்றைக்கே மிதக்கும்.

மெரினாவில் 1909 இல் திறந்த சென்னை மீன் காட்சிச்சாலைக்குக் கடல் கரைக்கும் வில்லங்கம் இருக்கவில்லை; கடலே முன்வாசலில். அதற்கு வழிசெய்த எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தில் சாதி சாதியாக மனிதரின் மூக்கை அளந்தவர். மீன் மூக்கு வெளியில் தெரியாதது மீன் செய்த புண்ணியம்.

கரைத்த கடலிலும் மீன் செத்ததேன் என்ற புதிரை அவிழ்த்தவர்கள் மீன்காரரல்லர், சாக்கடைக்காரர். மீன் செவுள் வழியே அமோனியாவைக் கழிக்கும். அது நஞ்சு, கடல்நீர்போலக் காரம் கூடிய தண்ணீரில், அதாவது பீஎச் 8.2 அளவில், இன்னும் கொடிய நஞ்சு. 1877 இல் பிரான்சில் இருவர் சாக்கடை நீரை மணலில் வடியவிட்டு, அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுவது உயிருள்ள நுண்ணுயிர்தான் என்று காட்டினார்கள். 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலாளர் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். ஒரு வகை அமோனியாவைத் தின்று நைத்திரைற்றாக்கும், இன்னொன்று அதைத் தின்று நைத்திரேற்றாக்கும். புதுத் தொட்டியில் இந்தக் குடும்பம் குடியேறி அடுப்பு மூட்ட நாலு தொடக்கம் ஆறு கிழமை செல்லும். தொட்டியைக் கழுவிக் கழுவிப் பளபளக்க வைத்த சீமை வீட்டுக்காரர்கள், ஒவ்வொரு கழுவலிலும் அந்தக் குடும்பத்தையே குடியெழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மேற்குலகம் மணலையும் கல்லையும் வெளுக்க வெளுக்கக் கழுவிய காலத்தில், ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல்லைத் தொட்டிக்குள் வைத்து, நாலு குமிழி காற்றும் விட்டு, பவளம் வளர்த்துக்கொண்டிருந்தார். 1961 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதியும்விட்டார். சுத்தம் சோறு போடும் என்று நம்பியவர்கள் கணக்கிலெடுக்கவில்லை. இருபது வருடம் கழித்து ஐரோப்பாவில் அதே கல்லுக்கு ‘முறை’ என்று பெயர் வைத்து, கிலோக் கணக்கில் விற்றார்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு கூத்து இருக்கிறது. கல்பவளம் தன் கூட்டைக் கட்டக் கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; தொட்டி நீரில் அது குறையும். 1970களில் பீற்றர் வில்கன்ஸ் என்பவர் ஜேர்மன் வளர்ப்பாளர்களிடையே ஓர் ஔடதத்தைப் பரப்பினார். வெள்ளைத் தூளை நல்ல தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடுவது. கால்சியமும் ஏறும், பீஎச்சும் இறங்காது. விஞ்ஞானம் மெய்சிலிர்த்தது. அந்தத் தூள் என்ன தெரியுமா? ஆச்சியின் கொட்டப்பெட்டிக்குள் வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான். இலங்கைக் கரையில் பவளக்கல்லையும் சிப்பியையும் சூளையில் போட்டுச் சுட்டு, நீறாக்கி, சுவருக்கு அடித்தோம், வெற்றிலையில் தடவினோம். அங்கே அந்த நீற்றைத் தண்ணீரில் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டினார்கள். அதற்காக ஆச்சியின் டப்பாவைத் தொட்டிக்குள் கவிழ்க்க வேண்டாம். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பீஎச் 12க்கு மேல். சொட்டினால் மருந்து, கொட்டினால் சவம்.

இனி, கிளிநொச்சியில் இருந்துகொண்டு கடல்தொட்டி வைக்கத் துடிக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு. சோளகக் காலத்தில் தொட்டி நீர் கண்முன்னே வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பல்ல. குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் விடவேண்டும். உப்புத் தண்ணீரை விட்டு விட்டு நிரப்பினால் வீட்டு விறாந்தையில் ஆனையிறவு விளையும். 2022 போல பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தால், செம்பை எடுத்து லண்டன் சிறுமியின் வேலையைச் செய்யுங்கள். தொட்டி நீரை அள்ளி உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றுங்கள், காற்றுக் கலக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, திரும்பப் பூச்சியத்துக்கு இறங்குவதை அளந்து காணும்வரை மீனை வாங்காதீர்கள்.

உப்பு விசயத்தில் ஒரு விண்ணப்பம். 2025 மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்புத் தொழிற்சாலை திறந்து, பொதியில் ‘ரஜ லுணு’ என்று சிங்களப் பேர் போட்டபோது ஊர் கொதித்தது, ஆனையிறவு உப்பு என்றே பேர் வேண்டும் என்று. நியாயமான கொதிப்பு. ஆனால் ஊர்ப்பற்றில் அந்தப் பொதியை வெட்டித் தொட்டிக்குள் கொட்டிவிடாதீர்கள். அதில் அயடீன் சேர்த்திருக்கிறது, கால்சியமும் மக்னீசியமும் போய்விட்டன. தொட்டிக்கு முல்லைத்தீவுக் கடலிலிருந்து கான் கானாகத் தெளிந்த நீர் அள்ளிவாருங்கள், அல்லது கடற்தொட்டிக்கென்றே விற்கும் உப்புக்கலவையை வாங்குங்கள். ஆனையிறவு உப்பை மீன் குழம்புக்குப் போடுங்கள்.