காற்றுக்கு ஆட்சேபணை இல்லை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று, ஆனி ஆடி மாதங்களில், கூரை ஓட்டையும் கொடியில் உலரும் வேஷ்டியையும் எவர் அனுமதியையும் கேளாமலே கொண்டுபோகிற சுபாவம் உடையது. அப்படியிருக்க, அதில் ஒரு துளியை என் மொட்டைமாடியில் பிடித்து, இரண்டு விளக்குகளையும் ஒரு மின்விசிறியையும் (காற்றைக் கொண்டே காற்று வாங்குவது என்ற அற்ப ஆசைதான்) இயக்கலாம் என்று நான் உத்தேசித்தபோது, அதற்கு ஊராட்சியின் அனுமதியும், அக்கம்பக்கத்தாரின் சம்மதமும், மூன்று பிரதிகளில் வரைபடமும் வேண்டியிருக்கும் என்று சொப்பனத்திலும் நினைக்கவில்லை.

ஊராட்சி எழுத்தர் பரம சாது. மனுவை இருமுறை வாசித்து, வீடு, கடை, கொட்டகை, சுற்றுச்சுவர் என்று பதிவேட்டிலிருந்த தலைப்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்து, எதிலும் அது அடங்காமையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செல்போன் டவர்னு எழுதிக்கலாமா சார்?" என்று கேட்டார். டவர் என்றால் ஊரே திரண்டு வந்துவிடும் என்று நான் பதறியதால், 'இதர வகை' என்னும் தலைப்பில், யாரோ ஒருவருடைய மாட்டுத் தொழுவத்துக்குக் கீழே, என் காற்றாடிக்கு இடம் கிடைத்தது.

முப்பந்தல் பக்கம் வானளாவிய காற்றாடிகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைத் தினந்தோறும் பார்த்து வாளாவிருக்கிற எங்கள் தெரு, என் மாடியில் வரவிருந்த சிறு காற்றாடியைப் பற்றி மட்டும் ஆழ்ந்து விசாரம் செய்தது. மேலவீட்டு அண்ணாச்சியின் ஆட்சேபணை விசேஷமானது. "காத்தையெல்லாம் நீங்களே இழுத்துக்கிட்டா, நெல்லு தூத்த நான் நாங்குநேரிக்கா போவேன், வாத்தியாரையா?" என்றார். ஆல்பர்ட் பெட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, எத்தகைய காற்றாடியாலும் காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்துக்கு மேல் கவரவே இயலாது என்று நிரூபித்திருப்பதை நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பாதிக்கு மேல எடுத்திருவோம்னு நீங்களே ஒத்துக்கிடுதியளே!" என்றார்.

எனக்கு ஆறுதலளித்தவர் ஜேம்ஸ் பிளைத் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர். 1887இல் மேரிகர்க் கிராமத்திலிருந்த தம் விடுமுறை இல்லத் தோட்டத்தில், துணிப்பாய் கட்டிய காற்றாடி ஒன்றை நிறுவி வீட்டுக்கு மின்விளக்கேற்றிய அந்த மகானுபாவர், மிஞ்சிய மின்சாரத்தைத் தெருவிளக்குகளுக்குத் தருவதாக முன்வந்தபோது, அது சாத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள். பிற்பாடு அவருடைய காற்றாடியொன்றை மனமுவந்து ஏற்றது மாண்ட்ரோஸ் நகரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். அந்தக் கணக்கில் எங்கள் அண்ணாச்சி உத்தமர். சாத்தான்வரை போகாமல் நாங்குநேரியோடு நின்றுகொண்டார்.

நின்றதோடு, ஒருநாள் கையெழுத்தும் போட்டார், ஒரே ஒரு நிபந்தனையுடன்: காற்றாடி அவர் வீட்டுத் தென்னைக்கு மேலே தலைதூக்கலாகாது. ஊராட்சியும் அதை அட்சரம் பிசகாமல் உத்தரவில் சேர்த்து முத்திரையிட்டுத் தந்தது. சுற்றுவட்டத்தில் 300 அடிக்குள் இருக்கும் மரம், கட்டடம் அனைத்துக்கும் 30 அடி மேலே காற்றாடி நிற்கவேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவான விதி. காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால், கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது இயற்கையின் விதி. இவ்விரு விதிகளில் எதையும் அண்ணாச்சியின் தென்னை அறியாது.

ஆகையால், மாடியில் காற்றாடி நாட்ட விரும்பும் அன்பர்கள், மனு எழுதுவதற்கு முன்பே அண்டைவீட்டுத் தென்னையை அளந்துகொள்வது உசிதம். எங்கள் பக்கத்தில் அது 60 அடி வளர்கிறது.