கணப்பின் மெய்ப்பொருள்: அகம், புறம் என இரு நிலைகளில் ஓர் ஆய்வு

1. வரையறை

குளிர்காயத் தீ மூட்டும் இடம் கணப்பு. வீட்டுச் சுவரில் பதிந்து, தலைக்கு மேல் புகைபோக்கியோடு இருந்தால் அது அகக்கணப்பு. மார்கழி விடியலில் தெருமுனையில் நாலு பேர் கூடிச் சருகையும் சுள்ளியையும் கொளுத்தினால் அது புறக்கணப்பு (அச்சுக்கோப்பவர் இதைப் புறக்கணிப்பு எனத் திருத்திவிட வேண்டாம்). இரண்டும் உடலுக்குச் சூடேற்றவே தோன்றின என்பது நெடுநாளாக நிலவும் கொள்கை. அதை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

2. அகக்கணப்பு

சூடேற்றும் கருவி என்ற வகையில் திறந்த கணப்பு படுதோல்வி. வெப்பத்தின் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. போகிற போக்கில் அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழைகிறது. அறிஞர்கள் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின் இரும்பில் ஒரு கணப்பு செய்து பார்த்தார். 1796இல் ரம்ஃபோர்டு பிரபு கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கச் சொன்னார். இத்தனைக்குப் பிறகும் எதிரே உட்கார்ந்தவருக்கு முகம் வெந்தது, முதுகு விறைத்தது.

அரசும் தன் பங்குக்குச் சோதித்தது. 1662இல் இரண்டாம் சார்லஸின் இங்கிலாந்து, கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி போட்டது. எண்ணிக்கை சரிபார்க்க அதிகாரிகள் வீட்டுக்குள்ளேயே வந்தார்கள். சிலர் கணப்பைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தபடி கட்டினார்கள். 1689இல் வரி ஒழிந்தது, கணப்பு ஒழியவில்லை. சூடு தராத ஒன்றுக்கு வரி கட்டியும் விடாமல் வைத்திருந்தார்கள் என்றால், அவர்கள் பெற்ற பயன் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும்.

3. தீர்வான சோதனை

1966 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நியூயார்க் தொலைக்காட்சி நிலையமொன்று எரியும் கணப்பை ஒளிபரப்பியது. கையிலிருந்தது 17 விநாடிப் படச்சுருள். அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 2013 பிப்ரவரியில் நார்வேயின் பொதுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி நடத்தியது. அதில் 8 மணி நேரம் எரியும் கணப்பு மட்டுமே. நேயர்களின் புகார்களும் வந்தன. விறகை அடுக்கும்போது பட்டை மேலே பார்த்திருந்தது தவறு என்று பாதிப் பேர், கீழே பார்த்திருந்தது தவறு என்று மீதிப் பேர்.

திரைத் தீயில் யாரும் குளிர்காய முடியாது. ஆயினும் பார்த்தார்கள். ஆகவே எமது கருதுகோள்: பார்வையை வைக்க ஓர் இடம் கொடுப்பதே கணப்பின் தொழில். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல், ஒரு சொல்லும் பேசாமல், மரியாதைக்கும் குறைவு வராமல் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க இது வழிசெய்கிறது. மாமனாரும் புது மருமகனும் இதன் அருமையை உடனே உணர்வார்கள்.

4. புறக்கணப்பு

வெளியே மூட்டிய தீக்குத் தனி விதிகள் உண்டு. முதலாவது, புகை நம் பக்கமே வரும். இதில் சதி எதுவும் இல்லை. தீ எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்றை இழுக்கிறது. நாம் உட்கார்ந்த பக்கம் நம் உடல் அதைத் தடுப்பதால் புகை அங்கே ஒதுங்குகிறது. இரண்டாவது, யாரும் கேட்காமலே குச்சியால் தீயைக் கிளறிக்கொண்டிருக்கும் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரைத் தடுக்கலாகாது; தாம் பேச வேண்டிய முறையை அவர் கிளறியே கழித்துவிடுகிறார். மூன்றாவது தூரம். மன்னரோடு பழகுவோர் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்பதற்குத் திருவள்ளுவர் தீக்காய்வாரையே உவமை காட்டினார். இன்றைய மேலதிகாரிக்கும் அந்த அளவு பொருந்தும்.

5. முடிவு

எமது கருதுகோள் நிறுவப்பட்டது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தீ மூட்டித் தரத் தனிக் கட்டணம் கேட்டால், வாசகர்கள் சூட்டைக் கணக்கிட்டுப் பேரம் பேச வேண்டாம். அது சும்மா இருப்பதற்கான வாடகை. சூடுதான் வேண்டுமென்றால் ஒரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள். அது முதுகையும் சேர்த்துக் காக்கும்.