காது வைத்த கம்பங்கள்

கேள்வி: சத்தத்தை அளக்க டெசிபல் மீட்டர் இருக்கும்போது செயற்கை நுண்ணறிவு எதற்கு?

பதில்: மீட்டர் சத்தம் எவ்வளவு என்று சொல்லும், யார் போட்டது என்று கேட்டால் முழிக்கும். நியூயார்க்கில் புகார் கொடுத்து அதிகாரி வந்து சேர்வதற்குள், ரோட்டைத் துளைத்தவர் மூட்டை கட்டியிருப்பார். அதனால் நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2016-இல் ‘சோனிக்’ திட்டத்தில் தெருக்களில் மைக் சென்சார் மாட்டினார்கள். ஊர்வம்பு பதிவாகக் கூடாதே! ஆகவே விட்டுவிட்டு 10 விநாடித் துண்டுகள் மட்டும். ‘இது ஹாரன், இது நாய்’ என்று இயந்திரத்துக்குப் பாடம் எடுத்தவர்கள் தன்னார்வலர்கள். ஒன்றுபோலக் கேட்கும் ஒலிகளைப் பிரித்தறிய இயந்திரம் திணறியது. திட்டாதீர்கள், கேட்ட தன்னார்வலர்களே பல துண்டுகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள்!