உச்சிச்சுழி முதல் பிடரி வரை: அலைமுடி வாரலியல் – ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சுருள்முடியை ஒட்ட வெட்டி, உச்சிச்சுழியிலிருந்து அது வளரும் திசையிலேயே நாலாபுறமும் தினமும் பிரஷ் போட்டு, இரவில் தலையில் துணி கட்டிப் படுத்தால் சில வாரங்களில் ‘360 அலை’ விழத் தொடங்கும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எனவே துறை மரபின்படி இதை ஆறு இயல்களாக விரிக்கிறேன்.

முன்னுரை

தமிழில் எந்த ஆய்வும் சங்க காலத்தில்தான் தொடங்க வேண்டும். பொருள் செல்போன் கோபுரமாக இருந்தாலும் விலக்கு கிடையாது. இந்தப் பொருளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ஆற்றில் நீர் வடிந்த பிறகு கருமணலில் வரிவரியாகக் கிடக்கும் அறலைப் பெண்களின் கூந்தலுக்கு உவமையாகச் சங்கப் புலவர்கள் சலிக்காமல் சொல்லி வைத்திருக்கிறார்கள். ‘360 அலை’ போட்ட ஒரு தலையை மேலிருந்து பார்த்தால் அதே வரி, அதே கறுப்பு. ஆகவே இந்த அலங்காரம் காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலேறி அட்லாண்டாவில் இறங்கியது என்று நிறுவ ஒரு முனைவர் பட்டம் போதும். நெறியாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார், படித்துவிட்டா போடுகிறார்?

நான் அதைச் செய்யப் போவதில்லை. 360 அலை அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. பெண்களின் பழைய நைலான் காலுறையை வெட்டி முடிச்சுப் போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு தூங்கிய தாத்தாக்கள் காலத்திலிருந்து அவர்கள் வளர்த்தெடுத்தது. அதில் சோழருக்குப் பங்கில்லை.

ஆனால் முடியைப் பற்றி வாதாடும் உரிமை நமக்குப் பூரணமாக உண்டு. தமிழின் மிகப் புகழ்பெற்ற ஆய்வுச் சண்டையே கூந்தலைப் பற்றியதுதான். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற வினாவுக்கு ஆயிரம் பொன் அறிவித்து, இறைவனே நேரில் வந்து வாதாடி, நெற்றிக்கண் திறந்து, நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்பது திருவிளையாடல். அவையில் இருந்தவர்களில் ஒருவராவது ஒரு கூந்தலை முகர்ந்து பார்த்ததாகச் செய்தி இல்லை. நம்முடைய ஆய்வு முறையியல் அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

ஆய்வு மூலங்கள்: முதன்மை ஆதாரம், அட்லாண்டாவில் படிக்கும் என் அக்கா மகன் (இனி: அ.ம.). துணைமை ஆதாரம், அவனுடைய அறைத்தோழன்; அந்த ஊர்க் கறுப்பின இளைஞன், பள்ளி நாள் முதல் அலை போடுபவன், விஷயம் முழுக்கத் தெரிந்தவன். தமிழ் தெரியாததால் துணைமையில் வைக்கப்பட்டான். எதிர்த்தரப்பு, என் அக்கா.

இயல் 1: வகைப்பாடு

கூந்தலை ஐந்தாக வகுத்து ஐம்பால் என்றார்கள் முன்னோர். அந்த ஐந்து எவை என்று கேட்டால் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். ஓப்ரா வின்ஃப்ரேக்கு முடி அலங்காரம் செய்த ஆண்ட்ரே வாக்கர் 1990களில் நான்கு என்றார்: நேர்முடி, அலைமுடி, சுருள்முடி, நெருங்கிச் சுருண்ட முடி. இது போதாதென்று 2007இல் லோரியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் பல நாட்டுத் தலைகளிலிருந்து முடி திரட்டி, வளைவின் விட்டத்தையும் அலைகளின் எண்ணிக்கையையும் முறுக்கையும் அளந்து, எட்டு வகை என்று அறிவித்தார்கள். எட்டாம் வகைக்காரர் அதுவரை தான் எட்டாம் வகை என்று தெரியாமலே பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடு கட்டி, பேரன் பேத்தியும் எடுத்திருக்கிறார்.

இத்துறையில் தமிழ்ப் பங்களிப்பாக, முடி இரண்டே வகை என்ற கோட்பாடு உள்ளது: படியும் முடி, படியாத முடி (அக்கா, வாய்மொழி, பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும் காலைப் பொழுதுகள், பல ஆண்டுகள்).

இயல் 2: சீப்பு

இவ்வாய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று.

இயல் 3: கருவிகள்

பிரஷ் பன்றிமயிரால் ஆனது. மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்று தரம். ஒட்ட வெட்டியிருக்கும்போது நடுத்தரம், வளர்ந்து அடர்ந்த பிறகு கடினம், கடைசியில் மேலாக நீவிப் படிய வைக்க மென்மை. மென்மையான பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வளர்ந்த முடியை மாற்ற நினைப்பவன் பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்துக்கு அட்டை போடுபவன் (அ.ம., காணொளி அழைப்பு, இந்த இடத்தில் சிக்னல் போனது).

பிரஷ்ஷின் வரலாற்றில் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். 1898இல் நியூயார்க்கில் லைடா நியூமன் என்ற கறுப்பினப் பெண் காற்று புகும் துளைகளும், கழற்றிச் சுத்தம் செய்யும் அமைப்பும் கொண்ட பிரஷ்ஷுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியிடவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால் புள்ளி குறையும்.

போமேட் (முடியில் தடவும் பசை): விரல்நுனி அளவு. அதற்கு மேல் போனால் நெற்றியில் பரு.

டூராக்: தலையை இறுக்கிக் கட்டும் பட்டு அல்லது சாட்டின் துணி. பிரஷ் படிய வைத்ததைத் தூக்கத்தில் தலையணை கலைத்துவிடாமல் காப்பது. தையல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் காலையில் நெற்றியில் கோடு. இந்த எளிய துணிக்குத்தான் அமெரிக்காவில் எத்தனை பகை! 2001இல் தேசியக் கால்பந்து லீக் விளையாட்டு வீரர்களுக்கு இதைத் தடை செய்தது. 2005இல் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் உடைக் கட்டுப்பாட்டிலும் தலைத்துணிக்கு இடமில்லாமல் போனது. 2020இல் ரிஹானா இதே துணியைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டையில் வந்ததும், துணி கலையாகிவிட்டது. கறுப்பினப் பையன் கட்டினால் ரௌடி, அட்டைப்படத்தில் வந்தால் அழகியல். இதைப் பற்றி ஆய்வு செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவது அந்தப் பையனுக்குப் புரியாது.

இயல் 4: அன்றாட ஒழுங்கு

காலை: முடியை லேசாக ஈரமாக்க வேண்டும். ஈரத்தில் முடியின் கெரட்டினுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நெகிழும். காயும்போது கிடந்த நிலையிலேயே மீண்டும் இறுகும். வாரலியலின் வேதியியல் மொத்தமும் இதுதான். சுருள்முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். அதன் சுருளை அழிப்பது நோக்கமல்ல. ஒவ்வொரு சுருளையும் ஒரே பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால், பக்கத்துப் பக்கத்து முடிகளின் வளைவுகள் ஒரு வரிசையில் சேர்ந்து மேடும் பள்ளமுமாகத் தெரியும். அதுவே அலை. இல்லாததை வரவழைப்பதல்ல, இருப்பதை வரிசையில் நிறுத்துவது.

சுழியிலிருந்து நெற்றிக்கு, சுழியிலிருந்து இரு கிருதாவுக்கும் சரிவாக, சுழியிலிருந்து பிடரிக்கு. நேற்றைய கோணமே இன்றும். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் எப்போதும் ஏமாந்துபோகும். அந்தப் பக்கத்துக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். பின்மண்டைக்கு இரண்டாவது கண்ணாடி தேவை.

இரவு: மேற்படி. பிறகு டூராக்.

வாரம் ஒருமுறை: ஷாம்பு நுரை தலையில் இருக்கும்போதே பிரஷ் போட்டு, டூராக் கட்டி, அதன் மேலேயே தண்ணீர் விட்டு அலச வேண்டும். (அ.ம. இதைச் செய்தபோது குளியலறையில் கழிந்த நேரத்தைப் பற்றி அறைத்தோழன் வெளியிட்ட மாற்றுக் கருத்து, கதவுக்கு வெளியிலிருந்து, ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பு இவ்விதழின் தரத்துக்கு ஏற்றதல்ல.)

எத்தனை முறை இழுப்பது? விக்டோரியா காலத்துச் சீமாட்டிகள் தூங்குமுன் நூறு என்றார்கள். அலை போடுகிறவர்கள் எண்ணுவதில்லை, நேரம் பார்க்கிறார்கள். உச்சந்தலை சிவந்து எரிந்தால் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் முடி உடையும். ஆய்வேட்டுக்கும் இந்த விதி உண்டு, கடைப்பிடிப்பவர் இல்லை.

இடையில் ‘ஓநாய்க்காலம்’ ஒன்று வரும். சில வாரங்கள் வெட்டாமல், பிரஷ் மட்டும் போட்டு வளர விடுவது. முடி புதராகும், அலை ஆழமாகும். அந்தக் காலத்தில் எடுத்த புகைப்படம் எதையும் ஊருக்கு அனுப்பக்கூடாது (அ.ம., அனுப்பிய பிறகு).

இயல் 5: சுழி

இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. மற்ற இயல்கள் பக்கம் நிரப்ப.

முடி உருண்டைத் தேற்றம் என்று கணிதத்தில் ஒன்று உண்டு. 1885இல் பிரெஞ்சுக்காரரான போன்கரே நிறுவி, 1912இல் டச்சுக்காரரான பிரவுவர் பொதுமைப்படுத்தியது. முழுக்க முடி முளைத்த ஓர் உருண்டையை எப்படி வாரினாலும் ஓரிடத்திலாவது சுழியோ நட்டுக்கொண்டு நிற்கும் முடியோ மிஞ்சியே தீரும். என் அக்கா இதைப் போன்கரேயைப் படிக்காமல், பள்ளிக்கூட நாட்களில் தினமும் நிறுவினாள்.

இங்கே ஒரு கறாரான ஆட்சேபம். மனிதத் தலை முழுக்க முடி கொண்டதல்ல. முகம், கழுத்து என்று விலக்குகள் உண்டு. எனவே தேற்றம் நம்மைக் கட்டுப்படுத்தாது. கொள்கையளவில் சுழியே இல்லாமல் ஒரு தலை சாத்தியம். ஆனாலும் சுழி இருக்கிறது. கருவிலேயே முடிக்கால்கள் சாயும் திசை முடிவாகிவிடுகிறது. பெரும்பாலோர்க்கு ஒன்று, அதுவும் வலமாக. அலை போடுபவர்களுக்கு எல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் புறப்பாடு. அதைத் தவறாகக் கண்டால் மண்டையின் மொத்தக் கணக்கும் பிசகும்.

அ.ம.வுக்கு இரட்டைச்சுழி. அலை போடுகிறவர்களிடையே இது தொழில்நுட்பச் சிக்கல்: இரண்டு சுழிக்கும் நடுவே முடி எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் முட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி வார வேண்டும். நம் ஊரில் இது குடும்பச் சிக்கல்: இரட்டைச்சுழிக்கு இரண்டு கல்யாணம்.

இனி இரு துறைகளையும் இணைப்போம். போன்கரேயின் கணக்கை முறைப்படி போட்டால், முழு உருண்டையில் சுழிகளின் கூட்டுத்தொகை இரண்டு. ஊர் வழக்குப்படி சுழி இரண்டானால் திருமணமும் இரண்டு. எனவே முகம், கண், மூக்கு உட்பட எங்கும் முடி முளைத்த, உருண்டையான ஆண்மகனுக்கு இரண்டு திருமணம் கணிதப்படி உறுதி. அவனுக்கு முதல் பெண்ணை யார் கொடுப்பார்கள் என்பது சமூகவியல் துறைக்குரியது. இந்த முடிவை மறுப்போர் 1885ஐ மறுக்க வேண்டும், அல்லது என் பாட்டியை மறுக்க வேண்டும். (பாட்டி, வாய்மொழி, திண்ணை, விரிவாக்கிய பதிப்பு, வெற்றிலை துப்பிய பின், மூன்றாம் வீட்டு மாமாவின் வாழ்க்கையிலிருந்து சான்றுகளுடன். சான்றுகள் மாமியின் வேண்டுகோளால் நீக்கப்பட்டுள்ளன.)

இது விளையாட்டல்ல. 2012இல் மூன்று இயற்பியலாளர்கள் குதிரைவாலாகக் கட்டிய முடியின் வடிவத்துக்குச் சமன்பாடு எழுதி, அதில் வரும் ஓர் எண்ணுக்கு ராபுன்ஸல் எண் என்று பெயரும் வைத்தார்கள். அதே ஆண்டு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். அவர்களுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. நம் சந்தைகளில் மாட்டுச்சுழி பார்த்து விலை சொல்லும் தரகர்கள் எந்த அறிவியலாளருக்கும் குறைந்தவர்களல்லர். ஆனால் அவர்களைப் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு யாரும் அழைப்பதில்லை. பன்னாடு என்பதற்கு அண்டை மாவட்டத்திலிருந்து ஒருவரும் இலங்கையிலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தியும் போதும்.

இயல் 6: எண்ணெய்ப் பள்ளியின் மறுப்பு

“இதெல்லாம் எதுக்குடா? தேங்காய் எண்ணெய் வெச்சு அழுத்திச் சீவினா படிஞ்சிடும்.” (அக்கா, மேற்படி அழைப்பு, மகனின் கையிலிருந்து போனைப் பிடுங்கச் சொல்லி அறைத்தோழனுக்குச் சைகை காட்டியவாறு.)

பிரஷ் பள்ளியின் பதில்: படிவது வேறு, அலை வேறு. எண்ணெய்ப் பள்ளியின் எதிர்ப்பதில்: அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அறைத்தோழன் கடைசியில் தேங்காய் எண்ணெயில் ஒரு துளி எடுத்து, காய்ந்த நுனிகளில் தடவிக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அக்கா அன்று முழுவதும் எல்லோரிடமும் இதைச் சொன்னாள். ஆய்வுலகில் இதற்குப் பெயர் சர்வதேச அங்கீகாரம்.

மேலாய்வுக்கான களங்கள்

சுழியே இல்லாத தலை. இடமாகச் சுழலும் சுழி. வழுக்கையில் சுழியின் நினைவு.

இரட்டைச்சுழி கொண்ட வாசகர்கள் இதழ் முகவரிக்கு எழுதும்படி வேண்டுகிறேன். இரு சுழிகளுக்கும் இடையேயான தூரம், தினமும் பிரஷ் போடும் நேரம், நடந்த திருமணங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தவறாமல் குறிப்பிடுக. பெயர் வெளியிடப்படாது. கடிதத்தை மனைவி படிக்க நேர்ந்தால் ஆய்வாளர் பொறுப்பல்ல.